பத்து வருஷம் இங்கேயே இரு

சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்தில் தகட்டில் அடித்த கண், கை, கால் எல்லாம் விற்பார்கள். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வாங்கி அம்மனுக்குச் செலுத்த வேண்டும். வேளாங்கண்ணியிலும் இதே தகடுகளைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா இரண்டு இடத்திலும் செலுத்தியவள். எனக்கு நாலு வயதில் கண் கட்டியபோது மாரியம்மனுக்குக் கண். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் ஆரோக்கிய மாதாவுக்கு ஒரு வயிறு. எந்தத் தெய்வம் எந்த மதம் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. நோயைக் கேட்டுக்கொள்கிற ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு அம்மாவே பக்கவாதத்தில் விழுந்தாள். பதினோரு மாதம். மருந்து, மூக்குக்குழாய், கஞ்சி, வாட்டர் பெட் என்று வீட்டின் பேச்சே மாறிப்போனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வந்த ஓர் அக்கா. தன்னைவிடக் கனமான ஒரு உடம்பை, ஒரு கையை முதுகுக்குக் கீழும் இன்னொன்றை இடுப்புக்குக் கீழும் கொடுத்து, ஒரே மூச்சில் திருப்புவார். மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருப்பார். அது ஏன் என்று அந்தப் பதினோரு மாதத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு, நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களின் வாழ்க்கையாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். புனிதர் வரலாறுகளில் அற்புதங்கள் நிறைய இருக்கும். பாத்திரத்தைக் கழுவியது யார், துணியை அலசியது யார் என்பது ஒரு வரியில் போய்விடும். அந்த ஒரு வரிகளைத் தேடியபோதுதான், சிறுவயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெயர் எதிரே வந்து நின்றது. சேலத்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். மாண்ட்ஃபோர்ட். ஏற்காட்டில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடம். நடிகர் விக்ரம் படித்தது, கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி படித்தது. அது ஒரு மனிதருடைய பெயர் என்றும், அந்த மனிதர் குருவானதும் ஏற்ற முதல் பொறுப்புகளில் ஒன்று ஏழைகளை அடைத்து வைத்த ஓர் ஆஸ்பத்திரியில்தான் என்றும் எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அவருடைய திருநாள் ஏப்ரல் 28. அந்த நாளில் மலையில் இருக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. ஏற்காட்டுக்குப் போகிற பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே புளியும் மூங்கிலும் வெயிலில் காய்ந்து நிற்க, வளைவுகள் ஏற ஏறக் காற்று ஈரமாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடிகள், அடியில் காப்பிச் செடிகள். காப்பி பூப்பதற்கு ஒரு நல்ல மழை போதும். மழை விழுந்த பத்து நாள் கணக்கில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும்; மூன்று நாலு நாளில் உதிர்ந்தும் விடும். நான் போனபோது பெரும்பாலும் உதிர்ந்து முடிந்திருந்தது. நிழலான ஒரு சரிவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மல்லிகையா என்று திரும்பிப் பார்க்க வைக்கும் வாசனை.

இந்தக் காப்பியை இங்கே கொண்டுவந்தவர் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர், 1820-களில். அதற்கு முன்பும், அதற்கு வெகுநாள் பின்பும், நம் மலைகளைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்கு இருந்த முதல் எண்ணம் பயம்தான். மலைக்காய்ச்சல். அடிவாரக் காட்டில் ஓர் இரவு தங்கினால் குளிர்க்காய்ச்சல் நிச்சயம் என்பார்கள். கெட்ட காற்று, கெட்ட தண்ணீர் என்று காரணம் சொன்னார்கள். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல்தான். காய்ச்சலுக்குப் பயந்து ஒதுங்கிய மலைக்கே, அடிவாரத்தைத் தாண்டி மேலே போய்விட்டால் உடம்பு தேறும் என்று வெள்ளைக்காரர்கள் ஏறத் தொடங்கினார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்த இடம், அதனால் ஏற்காடு. நோய்க்குப் பேர்போன மலை, நோய் தீர்க்கப் போகிற மலையானது. பங்களாக்கள் வந்தன. பிறகு பள்ளிக்கூடங்கள்.

ஏரிக்கரையில் கூட்டம். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வந்தால் இதைவிடப் பல மடங்கு இருக்கும். வறுத்த கடலை, மிளகாய் பஜ்ஜி, படகுக்கு வரிசை. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

பள்ளியின் வெளிவாசல் எதிரே, சாலையின் மறுபக்கம், ஒரு கல்லில் உட்கார்ந்தேன். உள்ளே போகக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்ப்பலகை மட்டும்தான். 1917-இல் தொடங்கிய பள்ளி. நடத்துகிறவர்கள் புனித கபிரியேல் சபையின் சகோதரர்கள். பிரான்சில் துறவற சபைகளின் பள்ளிகளை அரசு மூடத் தொடங்கிய காலத்தில், 1903-இல், இந்தச் சபையார் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சொந்த நாட்டில் கதவு சாத்தப்பட்டவர்கள் தென்னாற்காட்டு வெயிலில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பதினாலு வருஷம் கழித்து இந்த மலைக்கும் வந்தார்கள்.

பெயருக்குரியவர் லூயி மரி கிரிஞ்ஞோன். பிரான்சின் மேற்குக் கோடியில், பிரித்தானிப் பகுதியில், மோன்ஃபோர் என்ற சிற்றூரில் 1673 ஜனவரி 31 அன்று பிறந்தார். பிறந்த ஊரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். இங்கே நாம் அதை மீட்டு, அழுத்தி, மாண்ட்ஃபோர்ட் என்கிறோம். குருமாணவராகப் படிக்கப் பாரிசுக்கு நடந்தே போனவர், வழியில் கையிலிருந்த காசைப் பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, உடுத்தியிருந்ததையும் ஒருவனோடு மாற்றிக்கொண்டார். பாரிசில் படிப்புச் செலவுக்கு அவர் செய்த வேலை, பங்கில் இறந்தவர்களின் உடலுக்கு அருகே இரவு முழுக்க விழித்திருப்பது. வாரத்தில் மூன்று நாலு இரவு. பணக்காரப் பிணம், ஏழைப் பிணம், எல்லாவற்றின் முகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையன். பட்டினியும் கண்விழிப்பும் சேர்ந்து கடைசியில் அவரே ஆஸ்பத்திரிப் படுக்கையில் விழுந்தார்.

1700 ஜூன் 5 அன்று குருவானார். அடுத்த வருஷம் புவாத்தியே நகரத்துப் பொது ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரி என்றதும் நாம் நினைக்கிற டாக்டர், நர்ஸ், மருந்து வாசனை எதுவும் அதில் இல்லை. 1656-இல் பாரிசில் அரச ஆணையால் தொடங்கி, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவிய ஏற்பாடு அது. தெருவில் பிச்சை எடுப்பவர்கள், கிழவர்கள், அநாதைகள், ஊனமுற்றவர்கள், புத்தி பேதலித்தவர்கள் எல்லாரையும் ஒரே சுவருக்குள் கொண்டுபோய் அடைத்துவிடுவது. ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்குத் தருமம் என்று பெயர். நம் ஊரில் மந்திரிகள் வருகிற அன்று பாலத்தடி ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

அவர் முதன்முதலில் அங்கே போன நாளைப் பற்றி அவரே தன் குருவானவருக்கு எழுதியிருக்கிறார். கோயிலில் மண்டியிட்டு மணிக்கணக்காகச் செபித்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்த ஏழைகள் அவருடைய உடையைப் பார்த்தார்கள். அவர்களுடைய உடையைப் போலவே கந்தல். நம்மைவிட ஏழை போலிருக்கிறது என்று தங்களுக்குள் காசு சேர்த்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இவரே எங்களுக்குக் குருவாக வேண்டும் என்று ஆயரிடம் மனுக் கொடுத்தார்கள். இந்த நிகழ்ச்சியை நான் எத்தனை முறை படித்தாலும் அந்தக் காசு சேர்த்தவர்களையே நினைத்துக்கொள்கிறேன். ஒன்றும் இல்லாதவர்கள். தங்களிடம் பிச்சைக்கு வந்தவராக நினைத்து ஒரு குருவானவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உள்ளே வந்ததும் அவர் செய்தது சாப்பாட்டை ஒழுங்குபடுத்தியது. ஊருக்குள் கழுதையை ஓட்டிக்கொண்டு போய், கூடையில் உணவு வாங்கிவந்து, அவரே பரிமாறினார். அவர்களோடு அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டார். புண்ணைக் கழுவினார். கணக்கு வழக்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒழுங்கு என்றால் யாரோ ஒருவருடைய வழக்கமான வரும்படி நின்றுபோகும் என்று எல்லா விடுதிகளுக்கும் தெரிந்த விஷயம்தான். 1703-இல் அவர் பாரிஸ் போனார். சல்பெத்ரியேர் என்ற மாபெரும் விடுதியில் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு நடுவே வேலை. ஐந்து மாதம்கூட நிறைந்திருக்காது; ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குக் கீழே ஒரு சீட்டு. இனி நீங்கள் வேண்டாம்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. 1704 மார்ச் மாதம், புவாத்தியே ஆஸ்பத்திரியிலிருந்து, நானூறு ஏழைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அவருடைய பாரிஸ் மேலாளருக்கு எழுதியது. எங்கள் சாமியாரைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டு. அந்த நானூறு பேரில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருக்கும்? யாரோ ஒருவர் எழுத, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருப்பார்கள். புனிதர் பட்டத்துக்கு ரோமாபுரியில் ஆயிரம் பக்கத்தில் சாட்சியம் சேர்ப்பார்கள். அந்த ஒரு கடிதம் எனக்குப் போதும்.

திரும்பிப் போனார். திரும்பவும் எதிர்ப்பு, திரும்பவும் வெளியேற்றம். அவர் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான். 1706-இல் ரோமாபுரிக்கு நடந்துபோய்ப் பாப்பரசர் பதினோராம் கிளமெந்துவைச் சந்தித்தார். தூரதேசங்களுக்குப் போய் வேதம் போதிக்க ஆசை. பாப்பரசர் நீ பிரான்சிலேயே வேலை செய் என்று அனுப்பிவிட்டார். கடல் தாண்ட ஆசைப்பட்டவர் கடைசிவரை தாண்டவில்லை. பெயர்தான் கப்பலேறி, திண்டிவனம் தாண்டி, இருபது வளைவு சுற்றி இங்கே வந்து பலகையில் இருக்கிறது.

அதன்பின் ஊர் ஊராக நடந்து போதித்தார். தினான் என்ற ஊரில், ஓர் இரவு, உடம்பெல்லாம் புண்ணாகித் தெருவில் கிடந்த ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தங்கியிருந்த வீட்டின் கதவைத் தட்டினார். இயேசு கிறிஸ்துவுக்குக் கதவைத் திறங்கள் என்று கூப்பிட்டார் என்பார்கள். தன் படுக்கையில் அவரைக் கிடத்தினார்.  1716 ஏப்ரல் 28 அன்று, சேன் லொரான் என்ற ஊரில், போதித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நோயுற்று இறந்தார். வயது 43. மாதா பக்தி பற்றி அவர் எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதி 1842-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அந்த நூலால்தான் உலகம் அவரை இன்று அறிகிறது; பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் தன் விருதுவாக்கையே அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். 1947-இல் புனிதர் பட்டம்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தோளில் தூக்கி வந்த அந்த இரவு மகத்தானது. ஆனால் ஓர் இரவு. நோயாளியோடு இருந்தவர்களுக்கு மறுநாள் காலை என்ற ஒன்று உண்டு. அதற்கு மறுநாளும் உண்டு. மோன்ஃபோருடைய கதையில் அந்த மறுநாட்களை வாழ்ந்தவர் வேறொருவர். ஒரு பெண். பெயர் மரி லூயிஸ் திரிஷே.

புவாத்தியே நீதிமன்ற அதிகாரியின் மகள். 1684-இல் பிறந்தவர். பதினேழு வயதில் பாவசங்கீர்த்தனத்துக்கு மோன்ஃபோரிடம் வந்து, துறவியாக வேண்டும் என்றார். அவரோ ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அங்கே பணிப்பெண்ணாகச் சேர இடம் காலியில்லை. அப்படியானால் ஏழைகளில் ஒருத்தியாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவாங்கி உள்ளே போனார். நல்ல வீட்டுப் பெண், பிச்சைக்காரர்களின் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு. உள்ளே மோன்ஃபோர் ஒரு சின்ன குழு அமைத்திருந்தார். பார்வையற்றவர்கள், நொண்டிகள், புண் வந்தவர்கள், எல்லாரும் அங்கேயே அடைபட்ட பெண்கள். தலைவி பார்வையில்லாத ஒருத்தி. அந்த அறைக்கு ஞானம் என்று பெயர். மரி லூயிஸ் அந்தத் தலைவிக்குக் கீழ்ப்படிந்து இருக்க வேண்டும். 1703 பிப்ரவரி 2 அன்று மோன்ஃபோர் அவருக்குச் சாம்பல் நிற முரட்டுத் துணியில் துறவு உடை கொடுத்தார். ஞானத்தின் புதல்வியர் என்ற சபை அன்று தொடங்கியது. உறுப்பினர் ஒருவர்.

பிறகு மோன்ஃபோரை வெளியேற்றினார்கள் அல்லவா. போகும்போது அவளிடம் சொன்னதாகச் சொல்வது இது: பத்து வருஷம் இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகாதே. பத்தொன்பது இருபது வயதுப் பெண். கூடத் துணைக்கு இன்னொருத்தி இல்லை. வழிகாட்டியவர் ஊர் ஊராகப் போய்விட்டார். அம்மா வீட்டுக்கு வா என்கிறாள். அந்தப் பெண் இருந்தாள். காலையில் எழுந்து, துணி அலசி, கஞ்சி கொடுத்து, புண் துடைத்து, கணக்கு எழுதி. பத்து வருஷத்துக்குமேல். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. அதனால்தான் புத்தகங்களில் அது ஒரு வாக்கியம். பதினோரு மாதத்திலேயே ஓர் இரவு நான் சுவரைப் பார்த்து அழுதவள். எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

1715-இல், இரண்டாவதாக வந்து சேர்ந்த ஒரு சகோதரியோடு, லா ரோஷேல் நகரில் ஏழைப் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் புறப்பட்டபோதுதான் அவர் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினார். சபை பிறகு வளர்ந்தது. அதன் கிளை ஒன்று அதே புவாத்தியே நகருக்கு அருகில் லார்னே என்ற இடத்தில். ஹெலன் கெல்லரை நமக்குத் தெரியும். பார்வை, செவி இரண்டும் இல்லாமல் பிறந்த மரி உர்த்தன் என்ற பத்து வயதுக் குழந்தையை 1895-இல் அந்த லார்னேவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். புத்தி இல்லை என்று மற்ற இடங்கள் கைவிட்ட குழந்தை, தொட்டால் கத்தும். சகோதரி சேந்த் மார்கரீத் என்பவர் அவளோடேயே இருந்தார். அந்தக் குழந்தை எப்போதும் கையில் வைத்து விளையாடிய ஒரு சின்னக் கத்தியை வாங்கி, ஒரு கையின் விரலை இன்னொரு கையின் விரல்மேல் வைத்து அறுப்பது போன்ற சைகையை அவள் கையிலேயே செய்து காட்டி, மறுபடி கத்தியைக் கொடுத்தார். மறுபடி வாங்கினார். மறுபடி சைகை. ஒருநாள் குழந்தை தானே அந்தச் சைகையைச் செய்து கத்தியைக் கேட்டது. அவள் பிறகு படித்தாள், எழுதினாள், மற்றப் பிள்ளைகளுக்குத் துணையாக 1921 வரை அங்கேயே இருந்தாள். 2014-இல் பிரெஞ்சில் இது படமாகவும் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் காவலர் என்னை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டார். எழுந்து நடந்தேன்.

ஏற்காட்டில் இன்னொரு பழைய பள்ளியும் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வழியில் வந்ததுதான். திரு இருதய மடம். 1894-இல் தொடங்கியது, இதைவிட மூத்தது. க்ளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகளுடையது. புதுச்சேரிக்காரர்களுக்கு க்ளூனி என்றால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எம்பிராய்டரிக் கூடமும். 1827-இல் புதுச்சேரியில் கால் வைத்த சபை. அதை நிறுவியவர் ஆன் மரி ஷவுஹே.

மோன்ஃபோரைப் போல் ஓரிடத்திலும் நிலைக்காத கால் இவருக்கும். ஆனால் போகிற இடமெல்லாம் யாரையாவது இருக்க வைத்துவிட்டுப் போகிற கெட்டிக்காரி. 1779-இல் பர்கண்டியில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் குருமார்களை வேட்டையாடியபோது, சிறுமியாக அவர்களை ஒளித்து வைத்தார். 1807-இல் தன் கூடப்பிறந்த மூன்று தங்கைகளோடும் இன்னும் சிலரோடும் சபையைத் தொடங்கினார். 1819-இல் செனகலுக்கு, அங்கிருந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளச் சகோதரிகளை அனுப்பினார். 1822-இல் தானே போனார். ஆங்கிலேய ஆளுநர் கேட்டுக்கொண்டபடி காம்பியாவிலும் சியரா லியோனிலும் நோயாளிகளைப் பார்த்தார். மஞ்சள் காய்ச்சல் வெள்ளைக்காரர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கரை அது. அவருக்கும் வந்தது. பிழைத்தார்.

1828-இல் தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் மானா என்ற ஆற்றங்கரைக்கு 36 சகோதரிகளுடன் போனார். அங்கே தொழுநோயாளிகளைத் தீவுகளில் இறக்கிவிட்டுப் போய்விடுவது வழக்கம். 1830-களில் அவர்களை மானாவுக்கு அருகில் அக்கருவானி ஆற்றங்கரைக்கு அழைத்துவந்து குடியேற்றினார். தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று நார்வேக்காரரான ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். நம்பகமான கூட்டு மருந்து 1980-களில். அதுவரை அந்த நோய்க்கு என்ன செய்ய முடியும்? குடிசை, தோட்டம், கட்டு மாற்றுவதற்கு ஒரு கை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வாய். அதைத்தான் செய்தார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து பிடிபட்ட சுமார் 500 ஆப்பிரிக்கர்களையும் அரசு அவரிடமே ஒப்படைத்தது. 1838 மே 21 அன்று அவர்களில் 185 பேர் விடுதலைப் பத்திரம் பெற்றார்கள். அடிமை முதலாளிகளுக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சொந்தத் திருச்சபைக்குள்ளும், சபை தன் ஆட்சிக்குக் கீழ் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஓர் ஆயரோடு வழக்கு. அதன் விளைவாக மானாவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. தினமும் கோயிலுக்குப் போய், எல்லாரும் எழுந்து போகும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது என்னவென்று சொல்வார்கள்.

1848-இல் பிரெஞ்சுப் பேரரசு முழுக்க அடிமைமுறை ஒழிந்து ஓட்டுரிமை வந்தபோது, கயானாவில் விடுதலை பெற்றவர்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பெண்ணுக்கு ஓட்டே இல்லாத காலம். 1851 ஜூலை 15 அன்று பாரிசில் இறந்தார். அவரை அலைக்கழித்த அந்த ஆயர் ஒரு வாரத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். செய்தி கேட்டு, அவரை நமக்கு நன்மை செய்தவர்களில் ஒருவராக நினைக்க வேண்டும் என்று சகோதரிகளிடம் சொன்னாராம். 1950-இல் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். இன்னும் புனிதர் ஆகவில்லை.

மறுநாள் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். மலையின் உச்சியில், வெட்டவெளியான ஒரு சமதளம். அதன் நடுவே குனிந்து நுழையவேண்டிய குகை. இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும். காற்று நிற்காமல் வீசுகிறது. இந்த மலையில் வாழும் மலையாளி இன மக்களின் தெய்வம் சேர்வராயன். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்கள் முழுவதும் வந்துவிடும். மலையாளி என்ற பெயர் கேரளத்தோடு சேர்ந்ததில்லை, மலையை ஆள்பவர், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர், மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

கோயிலுக்குக் கீழே மிளகும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும்.

"என்ன கண்ணு, தனியா வந்திருக்க? மேலுக்கு நல்லாருக்கா?" என்றார்.

மேலுக்கு என்றால் உடம்புக்கு. என் முகத்தில் என்ன பார்த்தாரோ. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, கொய்யா ஒன்றை அறுத்து உப்புத் தொட்டுக் கொடுத்தார்.

"எங்கூர்ல ரோடு இல்லாத காலம். மேலுக்கு முடியலைன்னா மூங்கில்ல போர்வையைக் கட்டி டோலி தூக்கணும். நாலு ஆளு மாத்தி மாத்தி. எங்கப்பனை அப்படித்தான் கொண்டாந்தாங்க. மழை. வழுக்குது. வழியில எறக்கி வைக்கக் கூடாதும்பாங்க."

"ஏன் பாட்டி?"

"எறக்கி வெச்சா மறுக்காத் தூக்க மனசு வராது கண்ணு."

அப்பா பிழைத்தாரா என்று கேட்டேன். பிழைத்து இருபது வருஷம் இருந்தாராம். தூக்கிய நாலு பேரின் பெயரையும் சொன்னார், ஒன்றுவிடாமல். அதில் ஒருவர் அவருடைய மாமனாரானார்.

மாலையில், நேற்றைப் போலவே, ஊரில் ஒரு மாதா கோயிலுக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். முந்தின நாள், ஏப்ரல் 28 மாலைப் பூசைக்கும் அங்கேதான் இருந்தேன். நோயாளிகளுக்கான மன்றாட்டு வந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெண் உதடு மட்டும் அசைய ஏதோ பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். சாகிற நேரத்தில் குருவானவர் எண்ணெய் பூசுவதை அம்மா காலத்தில் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். இப்போது நோயில் பூசுதல் என்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய வார்த்தை பிடிக்கும். அவஸ்தை என்று ஒப்புக்கொள்கிறது.

அன்றிரவு அறையில் மரி லூயிஸ் பற்றி எடுத்து வைத்திருந்த குறிப்புகளைத் திரும்பப் புரட்டினேன். அவர் இறந்த தேதியை எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ தெரியவில்லை. 1759 ஏப்ரல் 28. மோன்ஃபோர் இறந்து சரியாக 43 ஆண்டு. அதே நாள், அதே ஊர். அவருக்குப் பக்கத்திலேயே அடக்கம். பூசையில் ஒரு பெயருக்காக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவருக்கு 1993-இல்தான் அருளாளர் பட்டம்.

இறங்கும்போது மறுபடி வெயில். இந்த மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்துக்குள் வரும்போது ஆறு என்று சொல்ல மனம் வராத நிலையில் இருக்கிறது. அதன் கரையில்தான் கோட்டை மாரியம்மன். கோயில் பக்கத்தில் தகடு விற்கிறவரிடம் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்த அக்கா இப்போது வேறொரு வீட்டில், வேறொரு அம்மாவைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு கை வேணும்ண்ணா."

"இடதா, வலதாம்மா?"

மணிக்கட்டில் சுற்றியிருந்த அந்தத் துணியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குக் கீழே போன கையா, இடுப்புக்குக் கீழே போன கையா. பதினோரு மாதம் தினமும் பார்த்தது.

"ரெண்டும் கொடுங்க" என்றேன்.